எதோட சேரும்?

என் மாமனார் எதையும் தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வெறும் தண்ணீருக்குக்கூட அவருக்கு ஒரு ஜோடி வேண்டும். மண்பானைத் தண்ணீர் என்றால் வறுத்த கடலை. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு கல்கண்டு. காய்ச்சலுக்கு டாக்டர் கசப்பு மருந்து எழுதிக் கொடுத்தால், "இத எதோட சாப்புடணும்?" என்று கேட்பார். "வெறும் வயிற்றில்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த டாக்டரின் படிப்பையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார்.

"தனியா நல்லதுன்னு ஒண்ணு கெடையாது மாப்ளே. எதோட நல்லது? அத சொல்லுங்க."

இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. முப்பது வருஷம் அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு பட்லராக இருந்தவர். எந்த மீனுக்கு எந்த பாட்டில், எந்த விருந்தாளிக்கு எந்த நாற்காலி என்று ஜோடி சேர்த்துச் சேர்த்தே அவருடைய மூளை அப்படி ஆகிவிட்டது. யுத்தம் வந்ததும் துரை கப்பலேறிவிட்டார். இவர் இரண்டு வெள்ளைக் கோட்டுகளோடும் ஒரு வெள்ளிக் கரண்டியோடும் மந்தைவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகள் ரெஜினா.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் கோயில் பங்கில் இன்னும் உயிரோடிருக்கும் நாலைந்து கிழங்கள், "ஓ, அந்தக் குடிகாரரா!" என்று கேட்கும். அந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தது பெண் பார்க்கப் போன அன்று. அப்போது நான் தந்தி ஆபீசில் குமாஸ்தா. அம்மா வாத்தியார் வீட்டு விதவை. அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சொத்து கௌரவம்தான் என்பதால் அதை அடிக்கடி எடுத்துத் துடைத்து வைப்பாள். பட்லர் வீட்டில் பெண் எடுப்பதில் அவளுக்கு அரை மனசு. நான்தான் ரெஜினாவைக் கோயில் பாட்டுக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஒரு தட்டில் முறுக்கும் காபியும் வைத்தார்கள். பதற்றத்தில் நான் முறுக்கை எடுத்துக் கடிக்கப் போனேன்.

"கடிக்காதீங்க!" என்றார் அவர்.

தேள் ஏதாவது இருக்கிறதோ என்று நான் கையை உதறினேன்.

"காபி இன்னும் ரெண்டு வாய் எறங்கட்டும் தம்பி. நாக்கு சூடாயி, கசப்பு கொஞ்சம் நின்னுதுன்னா அப்பால முறுக்கு. இல்லைன்னா ரெண்டும் வீணு."

அம்மாவின் முகம் கல்லாகிவிட்டது. நான் இரண்டு வாய் காபி குடித்தேன். அவர் தலையசைத்தார். பிறகு முறுக்கைக் கடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒரு முறுக்குச் சாப்பிட்டதில்லை.

எல்லாம் பேசி முடித்ததும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், மார்க்கெட்டில் கொடுவா மீனைப் பார்ப்பவர் மாதிரி. பிறகு அம்மாவிடம் திரும்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எங்க ரெஜினா கொஞ்சம் காரம்மா. உங்க புள்ள தயிர்ச்சாதம். நல்லா சேரும்."

 வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜட்கா லஸ் முனை தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். "உன்னைத் தயிர்ச்சாதம்னு சொல்றாரே அந்த மனுஷன், நீயும் பல்லை இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே." அதையும் நான் தயிர்ச்சாதம் போலவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிச்சயம் ஆயிற்று. ஆன பிறகுதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் வேதத்தைச் சேராதவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பூசையில் கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் வைத்து மந்திரிப்பார்கள். ரசம் சாமியாருக்கு மட்டும். சனங்களுக்கு அப்பம் மட்டும், அதுவும் காகிதம் போல மெல்லிய வில்லை. ஓஸ்தி என்போம். அதை வாங்குவதற்கு நன்மை வாங்குவது என்று பெயர். அந்தக் காலத்துச் சட்டம் ரொம்பக் கறார். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கியிருந்தாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. சாவான பாவம் என்கிற பெரிய பாவம் செய்துவிட்டு, சங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ரகசியமாக அதைச் சொல்லிக் கழிக்காதவர்களுக்கும் கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசையில் யார் எழுந்துபோய் நன்மை வாங்குகிறார்கள், யார் முழங்காலிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று கவனிப்பது பங்கில் எல்லோருக்கும் ஒரு வேலை. அம்மாவுக்கு அது முழுநேர வேலை.

நிச்சயமான பிறகு வந்த முதல் ஞாயிறு, சம்பந்தி எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு அம்மா ஜெபமாலையை உருட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"சாவான பாவத்துல இருக்காரு" என்றாள் அம்மா வீட்டுக்கு வந்ததும். "பொண்டாட்டி செத்து எட்டு வருஷம். மனுஷன் இன்னும் திடமாத்தான் இருக்காரு. எங்கியோ ஒரு குடும்பம் இருக்குடா."

"எங்கே இருக்கு?"

"ஆதம்பாக்கத்துல."

ஏன் ஆதம்பாக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாளில் அது வயலும் ஏரியுமாகக் கிடந்த ஊர். அதனாலேயே அம்மாவுக்கு அது வசதியாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரத்துக்குள் அந்த ஆதம்பாக்கத்துப் பெண்பிள்ளைக்கு இரண்டு குழந்தைகளும் ஒரு தையல் மிஷினும் ஏற்பட்டுவிட்டன.

என்னை அவர் பின்னாலேயே போய் வேவு பார்க்கச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். அவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வீட்டை விட்டுக் கிளம்பினார்.  ஆனால் ஆதம்பாக்கம் பக்கம் திரும்பவில்லை. நேரே எங்கள் கோயிலுக்குப் போய், பீடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டகைக்குள் நுழைந்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

உள்ளே ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பீங்கான் ஜாடிகள், வாயில் துணி கட்டி வரிசையாக நின்றன. ஒரு பலகையின் மேல் வாழை இலைத் துண்டுகள். ஒன்றில் நெத்திலி வறுவல், ஒன்றில் மசால் வடை, ஒன்றில் வெறும் சோறு, ஒன்றில் வஞ்சிரத் துண்டு. அவர் ஜாடியிலிருந்து வெள்ளிக் கரண்டியால் ஒரு கரண்டி மொண்டு, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, வாயில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு நெத்திலி ஒன்றைத் தின்றார். முகம் சுளித்தார். மறுபடி ஒரு கரண்டி. வஞ்சிரம். இப்போது முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்து நோட்டில் ஏதோ எழுதினார்.

"உள்ள வாங்க மாப்ளே" என்றார் திரும்பாமலே. "நெத்திலி எண்ணெ வாசம் மேல இருக்கு, உங்க தலையில தேங்காயெண்ணெ வாசமும் சேர்ந்து வருது. ரெண்டும் சேரல."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. யுத்தத்தில் கப்பல் நின்றுபோனதும் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த பூசை ரசமும் நின்றுபோயிற்று. எங்கள் பங்குச் சாமியார் பயந்த சுபாவம். மேலிடத்தில் அனுமதி வாங்கி, நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவுசெய்து, பாட்டில் பற்றித் தெரிந்த ஒரே ஆளைக் கூப்பிட்டார். வெள்ளை ரசமாகவே செய்யச் சொன்னார். சிவப்பு சிந்தினால் பீடத்துணியில் கறை போகாது. கொத்தவால்சாவடியில் கிடைத்த பச்சைத் திராட்சையில் ஒரு ஜாடி, உலர்ந்த திராட்சையில் ஒரு ஜாடி. உலர்ந்ததில் செய்தது செல்லும், ஆனால் ருசியும் நிறமும் அசல் ரசத்தைப் போல இருக்க வேண்டும் என்பது சட்டம். ருசி என்று சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு விஷயம்" என்று சாமியார் கேட்டுக்கொண்டாராம். "இது வெளியே தெரியக் கூடாது. கொட்டகையில காய்ச்சின சரக்குலயா பூசை வைக்கிறோம்னு சனங்க ஆரம்பிச்சா பாதிப் பேர் வேற கோயிலுக்குப் போயிடுவாங்க. வாக்குக் கொடுங்க."

இவர் வாக்குக் கொடுத்தார். துரை வீட்டுச் சங்கதி ஒன்றுகூட முப்பது வருஷம் வெளியே போனதில்லை. அதே நியாயம் சாமியார் வீட்டுக்கும்.

முதல் ஜாடி தயாரானதும் சாமியார் ஆசையோடு நின்றிருக்கிறார். இவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இதுல எலுமிச்சங்கா இருக்குது" என்றாராம். ஜாடி கன்னியர் மடத்து அம்மாமார் கொடுத்தது, வருஷக்கணக்காக எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்ட ஜாடி. பத்துத் தடவை கழுவியிருந்தும் அதன் உப்பும் வாசமும் பீங்கானைவிட்டுப் போகவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாராம் சாமியார்.

"உங்களுக்குத் தெரியாது சாமி. ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லி ஜாடி முழுவதையும் தென்னை மரத்தடியில் கொட்டச் சொல்லிவிட்டார். சாமியார் அந்தத் தென்னையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாராம்.

அடுத்தது சரியாக வந்தது. ஆனால் மெட்ராஸ் வெயிலில் நேற்று ரசமாக இருந்தது இன்று புளித்துக் காடியாகிவிடும். ஒரு நாள் பூசை நடுவில் சாமியார் பாத்திரத்தை வாயில் வைத்தவர் அப்படியே விறைத்து நின்றுவிட்டார். காடி. காடியில் வைத்த பூசை பூசையே இல்லை. வேறு ரசம் வரவழைத்து மறுபடி மந்திரிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தினமும் பூசைக்கு முன்னால் பாட்டிலைத் திறந்து ஒரு கரண்டி ருசி பார்க்கும் வேலை இவருக்கு. ஒரு கரண்டி இறங்கியதும் அன்றைய நன்மை போயிற்று. ஞாயிறும் அப்படித்தான்.

"துப்பிட்டா உபவாசம் முறியாதே மாமா" என்றேன். "சாமியாரே ஒரு தடவை பிரசங்கத்துல சொன்னாரே."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அரை ருசி பார்த்து மேசைக்கு அனுப்புற வழக்கம் எங்க மாஸ்டர் வீட்ல கெடையாது. நாக்குல ஒண்ணு சொல்லும், தொண்டையில ஒண்ணு சொல்லும். ரெண்டுத்தையும் கேக்கணும்."

"அதுக்கு இந்த மீனெல்லாம் எதுக்கு?"

"அதோட குணம் தெரிய வேணாமா? இது மூணு பங்கு பச்சை, ஒரு பங்கு உலர்ந்தது. புதுசு. வாயில வெச்ச ஒடனே கிளிமூக்கு மாங்காய்க்குப் பல்லு கூசுமே, அது. அப்பால இளநி வழுக்கை. கடைசியில எங்கியோ தூரத்துல ஒரு கொய்யா. நெத்திலிக்கு இது பத்தாது. வஞ்சிரத்தோட வெச்சா ராஜா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா போவப்போறது வஞ்சிரத்தோட இல்லையே மாப்ளே. ஓஸ்தியோட."

ஓஸ்தி செய்யும் அம்மாமார் வில்லைகளை வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களைக் குழந்தைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள். இவர் அதில் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி ரசத்தோடு ருசி பார்த்திருக்கிறார். சேரவில்லை. நேரே சாமியாரிடம் போய், "ஓஸ்தியில ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்லுங்க" என்றிருக்கிறார். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டாராம். கோதுமை மாவு, தண்ணீர், வேறெதுவும் கூடாது. அது சட்டம்.

"சரி, அப்பத்துல கை வெக்கக்கூடாது. ரசத்துலதான் சரிபண்ணணும்" என்று இவர் கிளம்பிவிட்டார். கலவை அளவைப் பன்னிரண்டு தடவை மாற்றியாயிற்று. அதிலும் ஒரு சங்கடம். வெட்டி எறிகிற ஓரம் ஈரத்தில் நமுத்தது. பீடத்தில் வைக்கும் வில்லை மொறுமொறுப்பு, அதைப் பூசைக்குத் தவிர வேறெதற்கும் அம்மாமார் தர மாட்டார்கள். நமுத்ததை வைத்துச் சொல்லும் தீர்ப்புச் செல்லாது என்பது அவர் கட்சி. அசல் ஓஸ்தி வேண்டுமென்றால் நன்மைக்குத்தான் போக வேண்டும். நன்மைக்குப் போக வேண்டுமென்றால் ரசம் குடித்திருக்கக் கூடாது. உலகத்திலேயே இந்த ஜோடிக்காகக் கவலைப்பட்ட ஒரே மனிதனுக்கு அதை ஒருசேர வாயில் வைக்க வழியில்லை.

"சாமியாரைக் கேட்டா தெரியுமே, அவருதான் ரெண்டையும் சாப்பிடறாரு" என்றேன்.

"கேட்டேன். 'பக்தியா இருக்கு'ன்னாரு" என்றார் வெறுப்போடு.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாப்ளே. நான் வாக்குக் குடுத்துட்டேன், இப்ப நீங்களும் அதுல இருக்கீங்க" என்றார். சொல்லவில்லை. கல்யாணம் ஆவதற்கு முன்பே மாமனார் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பது வழக்கம். மூன்றாம் ஓலை முடிந்ததும் அம்மா நேரே சாமியாரிடம் போய், "சம்பந்தி ஏன் நன்மை வாங்கறதில்லை?" என்று கேட்டாள். சாமியாருக்கு வியர்த்துவிட்டது. "அவர் மேல ஒரு குறையும் இல்லம்மா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அவ்வளவுதான். சங்கீர்த்தனத்தில் கேட்ட ரகசியம், அதனால்தான் சாமியார் வாய் திறக்க மாட்டேன் என்கிறார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். நான் அழுது அரற்றியதால் கல்யாணத்தை நிறுத்தவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டுக்கே போய், வாசலில் நின்றபடி சொன்னாள்: "கல்யாணப் பூசையில நீங்க நன்மை வாங்கணும். வாங்கலைன்னா, என் மருமவ அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. மறுவீடும் கெடையாது, பேறுகாலமும் கெடையாது. அம்புட்டுத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கம்மா" என்றார். ரெஜினா உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

வழி இருக்கத்தான் செய்தது. மோந்து பார்ப்பதால் உபவாசம் முறியாது. அவர் மூக்குக்குப் பாதி ருசி தெரியும். கல்யாணத்தன்று மோந்து பார்த்து அனுப்பிவிட்டு நன்மை வாங்குவது என்று எனக்காக ஒப்புக்கொண்டார். ஆனால் முந்தின நாள் சாயந்தரம் பெய்த கோடை மழையில் பந்தல்காரர்களோடு நின்று நனைந்துவிட்டார். காலையில் மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது. மல்லிகைப்பூ மாலையை முகத்துக்கு நேரே வைத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

பூசை சாமான் வைக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அங்கி மாட்டிக்கொண்டு சாமியார், கோட்டும் பூவுமாக நான், கையில் பாட்டிலோடு அவர். மூன்று பேரும் உபவாசம். கோயிலுக்குள் இருந்த ஒட்டுமொத்தக் கல்யாணக் கூட்டமும் உபவாசம்.

"கன்னியப்பன்!" என்றேன் நான்.

எங்களை ஏற்றிவந்த ஜட்காக்காரன் கன்னியப்பன் வெளியே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வேதத்தைச் சேர்ந்தவன் அல்ல. காலையிலேயே பழைய சோறு சாப்பிட்டிருப்பான். அவனைப் பின்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டு நிறுத்தி, வெள்ளிக் கரண்டியில் ஒரு கரண்டி கொடுத்தோம். அவன் சாமியாரை ஒரு தடவை பார்த்தான், கரண்டியை ஒரு தடவை பார்த்தான், குடித்தான்.

"எப்டி இருக்குது?" என்றார் மாமனார்.

"ஜோரா கீது சார்."

"புளிக்குதா?"

"நல்லா சுர்ருனு கீது. ஒரு துண்டு கருவாடு இருந்தா இன்னும் ஜோரா இருக்கும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நிலைமையிலும், "இன்னா கருவாடு? நெத்திலியா, வஞ்சிரமா?" என்று கேட்டார்.

"நெத்திலிதான் சார்."

"காடி" என்றார் சாமியாரிடம். "நெத்திலிக் கருவாட்டோட சேருதுன்னா இது ரசம் இல்ல, காடி. இல்லைன்னா..." மறுபடி கன்னியப்பனைப் பார்த்தார். "ஏம்பா, காப்பி எதோட குடிப்பே?"

"கருவாடு இருந்தா கருவாட்டோட குடிப்பேன் சார்."

உள்ளே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. மாமனார் பாட்டிலைப் பார்த்தார். நன்மை வாங்க முழங்காலிடும் கம்பிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. அவளும் இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க மாமா" என்றேன். "நல்லாத்தான் இருக்கும்."

"கட்டிக்கப் போறது என் பொண்ண மாப்ளே. காடியில பூசை வெச்சு அவள அனுப்ப மாட்டேன்."

கன்னியப்பன் கையிலிருந்து கரண்டியை வாங்கித் துடைத்து, ஒரு கரண்டி ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.  "மாங்கா, வழுக்கை, கொய்யா. எல்லாம் அப்டியே இருக்குது."

எனக்கு அந்தக் கணத்தில் கன்னியப்பனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. ஒன்றுமில்லாததற்கு அந்த மனிதர் தன் ஒரே மகளை விட்டுக்கொடுத்துவிட்டார்.

மோதிரம் மாற்றினோம். பூசை நடந்தது. நன்மை நேரத்தில் ரெஜினாவும் நானும் போனோம், அம்மா போனாள், இரண்டு பக்கத்து உறவும் போனது. அவர் முதல் வரிசையில் முழங்காலில் இருந்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஓஸ்தியை வாங்கிக்கொண்டு திரும்பிய அம்மா அவரைக் கடந்துவந்தபோது நின்றேவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் இடித்துக்கொண்டார்கள்.

பந்தலில் கேக் வெட்டி, காபி கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா ஜனங்களை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள். அவர் எழுந்து நின்றார். அம்மா அவர் முகத்துக்கு மிக அருகில் போய், திட்டுவதற்காக மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

"ஊதுங்க" என்றாள்.

"அம்மா..."

"ஊதுங்கங்கறேன்."

அவர் ஊதினார். அம்மாவின் முகத்தில் இருந்த கோபம் மெல்ல மெல்லக் கரைந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"குடியா!" என்றாள். "வெறும் குடிதானா? காலங்காத்தால குடிச்சிட்டுத்தான் நன்மைக்கு வராம இருந்தீங்களா? அட ஆண்டவரே, நான் ஆதம்பாக்கத்துல குடும்பம்னு இல்ல நெனச்சேன்! எங்க வீட்டுக்காரரு குடிக்காத குடியா! இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? ஆமாவா இல்லையா, சொல்லுங்க."

 அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கேக்கைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார்.

"ஆமாம்மா" என்றார்.

"மறுவீட்டுக்கு நாளைக்கு வர்றோம்" என்றாள் அம்மா. "ஆனா அந்நேரத்துக்கு மட்டும் குடிக்காதீங்க."

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் குடித்தறியாத மனிதர், எங்கள் பங்கின் குடிகாரர் ஆனது இப்படித்தான். பங்குப் பெண்கள் சங்கம் அவரிடம் போய், இனிக் குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன், மறுநாள் காலை வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அது அவர் பெயரை இன்னும் உயர்த்தியது. சாமியாரே ஒரு ஞாயிறு குடியைப் பற்றிப் பிரசங்கம் வைக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் எல்லோரும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் மட்டும் மோட்டுவளையைப் பார்த்துப் பேசினார். பிரசங்கம் முடிந்து வெளியே வந்ததும் மாமனார் என்னிடம், "நல்ல பிரசங்கம். காஞ்ச ரொட்டியோட சேரும்" என்றார்.

அம்மாவுக்கு அவர் மேல் புதிதாக ஒரு பிரியம் வந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத, தெளிவான ஒரு குற்றம் கையில் கிடைத்ததும் அவளுக்கு நிம்மதி. எங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் முதலில் மோர் கொடுப்பாள், "வயிறு எரியும், குடிங்க" என்று. அவர் மோருக்கு என்ன ஜோடி என்று சொல்ல, அவள் அதைத் தேடிக்கொண்டுவருவாள். யுத்தம் முடிந்து, மறுபடி சீமை பாட்டில்கள் வந்தன. கொட்டகை ஜாடிகள் மடத்துக்கே திரும்பிப் போயின. பிறகு மெட்ராஸில் மதுவிலக்கு வந்தபோது அம்மாதான் அதிகம் கவலைப்பட்டாள். "பாவம், இவரு இனிமே என்ன பண்ணுவாரு?" என்று டாக்டரிடம் போய், குடிப்பதற்கு ஒரு பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்தாள். மாமனார் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மார்கழியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மத்தியானம் சாமியார் அவஸ்தை பூச, அதாவது கடைசி எண்ணெய் தடவ, வந்தார். சாகக் கிடப்பவனுக்கு உபவாசச் சட்டம் கிடையாது. எதைச் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம்.

சாமியார் மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஓஸ்திச் சிமிழை வைத்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கொட்டகைச் சரக்கில் கடைசி பாட்டில், காற்றுப் புகாமல் வாயை அரக்கால் அடைத்தது. இத்தனை வருஷம் எங்கே மறைத்து வைத்திருந்தாரோ. சாமியாருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மந்திரிச்சது இல்ல" என்றார் என்னிடம் மட்டும்.

அம்மா பாட்டிலைப் பார்த்தாள்.  வெள்ளிக் கரண்டியை எடுத்துத் தானே ஊற்றி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் விட்டாள். "குடிங்க. இன்னிக்கு யாரு கேக்கப்போறா" என்றாள்.

அவர் மெதுவாக விழுங்கினார். சாமியார் ஓஸ்தியை நாக்கில் வைத்தார். ரெஜினா அழுதுகொண்டிருந்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினார். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது தெரிந்தது. சாமியாரும் நானும் குனிந்து பார்த்தோம்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, இல்லை என்பது போலத் தலையை லேசாக அசைத்தார்.

"உப்பு" என்றார்.

"ஊறுகா கேக்குறாரு" என்றாள் அம்மா. குடிக்கிறவர்களோடு குடித்தனம் செய்தவள். யாரும் தடுப்பதற்குள் சமையலறைக்கு ஓடினாள். ஒரு விரல் நுனியில் எலுமிச்சங்காய் ஊறுகாயின் சாற்றைத் தொட்டுக்கொண்டு வந்து அவர் நாக்கில் வைத்தாள். சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமனாரின் கண் அகலமாக விரிந்தது. முகம் முழுவதும் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணத்துக்கு முன் அந்த முதல் முறுக்கை நான் கடித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது.

"மாப்ளே" என்றார். மூச்சு விட்டு விட்டு வந்தது. "சேருது... அந்த மொத ஜாடி... அத கொட்டியிருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றொரு கையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"பாத்தியாடா" என்றாள் என்னிடம். "போற நேரத்துலயும் எப்பவோ கீழ கொட்டுன சரக்க நெனச்சு ஏங்கறாரு. நல்ல மனுஷன். இந்தக் குடி மட்டும் இல்லாம இருந்திருந்தா!"